பனிக்காலப் பொறி இருக்கட்டும், ஜூலை மாத மதகைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவின் வடக்கே ஆற்றங்கரைகளில் பனிக்காலத்தில் பொறி வைத்துப் பீவர் பிடிப்பதை உடனே தடை செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் போன மாதம் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த கிழமையே அதை ஆதரித்து வாசகர் கடிதங்களும் வந்தன. எழுதியவர்களின் இரக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு உயிர் வதைபடுகிறது என்று கேள்விப்பட்டுச் சும்மா இருக்க முடியாதவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டுரையில் சொன்ன பொறி இன்று பீவருக்கு வைக்கிற பொறி இல்லை, போட்டிருந்த படம் பீவரின் படமே இல்லை, உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் எதுவோ அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன், இடம் இருந்தால் முழுதும் போடுங்கள்.

முதலில் பெயர். கட்டுரை முழுக்க 'நீர்நாய்' என்று வந்தது. நீர்நாய் வேறு பிராணி, மீன் தின்பது, சங்கப் பாட்டில் வாளை மீனைக் கவ்விக்கொண்டு போவதும் அதுதான். பீவர் மீனை மோந்தும் பார்க்காது. அது எலி, அணில் மாதிரிக் கொறிக்கிற இனம். மரப்பட்டை, தளிர், தண்ணீருக்குள் இருக்கிற கிழங்கு இவைதான் அதற்குச் சாப்பாடு. வளர்ந்த பீவர் இருபது கிலோ, சிலது முப்பது கிலோவும் வரும். வால் தட்டையாக, செதில் செதிலாக, துடுப்பு மாதிரி இருக்கும். ஆபத்து என்றால் அந்த வாலால் தண்ணீரில் ஓங்கி அடித்துவிட்டு முங்கும். முன்பல் செம்மஞ்சள் நிறம், பல்லின் மேற்பூச்சில் இரும்பு கலந்திருப்பதால் அந்த நிறமும் அந்த உறுதியும். எங்கள் இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இந்தப் பிராணி ஒருகாலமும் இருந்ததில்லை, அதனால் நமக்குப் பழைய சொல் இல்லை. பீவர் என்றே எழுதிவிடலாம். 1937இலிருந்து கனடாவின் ஐந்து சத நாணயத்தில் இருப்பதும் இதுதான், தினமும் கையில் வைத்திருக்கிறோம்.

சரி, இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். 1989இல் கனடாவுக்கு வந்து டொரொன்டோவின் ஸ்காபரோவில் கோப்பை கழுவிய ஆயிரம் பேரில் நானும் ஒருவன். 1996இல் மச்சான் ஒருவரோடு சேர்ந்து வடக்கு ஒன்ராறியோவுக்கு, 11ஆம் நெடுஞ்சாலையில் கப்பஸ்கேசிங் பக்கம், ஒரு பெற்றோல் நிலையத்து வேலைக்குப் போனேன். இரண்டு வருசம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனது. பக்கத்து வீட்டில் ஒரு கிரீ முதியவர், கிரீ என்பது இங்கே உள்ள பூர்வகுடி மக்கள், அவருக்கு என் அப்பாவின் வயது. முதல் பனிக்காலத்திலேயே என்னை 'நீ வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்தால் உனக்குப் பைத்தியம் பிடிக்கும்' என்று சொல்லி ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு நானும் முறைப்படி வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, அவருடைய ட்ராப்லைனில், அதாவது அரசாங்கம் அவர் பெயரில் பதிந்து கொடுத்த காட்டுப் பகுதியில், உதவியாளாகப் பதினொரு பனிக்காலம் நின்றேன். அவர் இப்போது இல்லை.

பனிக்காலத்தில் பீவர் தூங்குவதில்லை. இது பலருக்குத் தெரியாது. இலையுதிர் காலத்திலேயே பொப்லர், வில்லோ மரக் கிளைகளை வெட்டி இழுத்து வந்து, வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீரின் அடியில் சேற்றில் குத்திக் குத்தி ஒரு பெரிய குவியலாகச் சேர்த்து வைக்கும். ஆறு மேலே உறைந்த பிறகு ஐந்து ஆறு மாதம் அந்தக் குவியல்தான் குடும்பத்துக்குச் சாப்பாடு. குடும்பம் என்றால் தாய், தகப்பன், அந்த வருசத்துக் குட்டிகள், போன வருசத்துக் குட்டிகள், எல்லாம் ஒரே வீட்டில். குளத்தில் என்றால் கிளையும் சேறும் வைத்துக் குவித்த வீட்டைத் தூரத்திலேயே காணலாம், நல்ல குளிர் நாளில் அதன் உச்சியில் மெல்லியதாக ஆவி போகும், அதைப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியும். பெரிய ஆறு அப்படியில்லை. மிசினாய்பி, மட்டகாமி மாதிரி ஆறுகளைப் பீவரால் அணை கட்டி மறிக்க முடியாது. அங்கே அது கரையைக் குடைந்து, வாசலைத் தண்ணீருக்கு அடியில் வைத்துக் குடியிருக்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் பனி மூடிய கரை. ஐஸுக்கு மேலே நாலு சுள்ளி நீட்டிக்கொண்டிருந்தால் அது அந்தச் சாப்பாட்டுக் குவியலின் நுனி. அதைக் கண்டுபிடித்து, பனியைக் காலால் ஒதுக்கிப் பார்த்தால் ஐஸின் அடியில் வெள்ளைக் குமிழிகள் வரிசையாக உறைந்திருக்கும். பீவர் முங்கிப் போகும்போது விட்ட மூச்சும் ரோமத்திலிருந்து கழன்ற காற்றும் அது. அந்தக் குமிழி வரிசைதான் அதன் பாதை.

அந்தப் பாதையில் அலவாங்கு மாதிரி நீண்ட இரும்பால் ஐஸைக் குத்தித் துளை போடுவது. குத்தும்போதே சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பார் அவர். தடித்த ஐஸ் மரத்தைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் தரும், அடியில் வெற்றிடம் இருந்தால் குடத்தைத் தட்டுகிற மாதிரி. ஆற்று ஐஸ் ஏமாற்றும். ஆறு உறைந்த பிறகு தண்ணீர் மட்டம் மெல்லக் குறையும், மேலே ஐஸ் அப்படியே நிற்கும், நடுவில் வெறும் காற்று. குளத்தில் நல்ல தெளிந்த ஐஸ் நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பார்கள், ஆற்றில் அந்தக் கணக்கை நம்பவே கூடாது. அதிலும் பீவர் வாசலுக்கு மேலே அது போய் வருவதாலேயே ஐஸ் மெல்லிசாக இருக்கும். என் மூன்றாவது பனிக்காலத்தில், குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே போன ஒரு காலையில், நான் சத்தம் கேட்காமல் அவசரமாக ஒரு அடி வைத்து முழங்காலுக்கு மேலே உள்ளே போனேன். குறுக்கே பிடித்திருந்த நீண்ட தடிதான் மிச்சத்தைத் தாங்கியது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் என்னை இழுத்துப் போட்டு, ஸ்ப்ரூஸ் மரத்தின் கீழ்க் காய்ந்த சுள்ளிகளை ஒடித்து ஐந்து நிமிசத்தில் நெருப்பு மூட்டினார். காற்சட்டை அதற்குள் தகரம் மாதிரி விறைத்துவிட்டது. பனிக்காலப் பொறி என்றால் ஏதோ சோம்பேறிகள் வீட்டிலிருந்தபடி செய்யும் கொலை என்று ஒரு கடிதத்தில் வாசித்தேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பொறிக்கு வருகிறேன். கட்டுரையில் பல்லுப் பல்லாக இருக்கும் இரும்பு வாய் காலைக் கவ்வ, பிராணி நாள் கணக்கில் துடித்துக் கிடக்கும் என்று எழுதியிருந்தது. பழைய காலத்தில் அப்படியும் நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைக் கண்டு மனம் பொறுக்காமல் மாற்றியவரும் ஒரு பொறிக்காரர்தான். ஃபிராங்க் கோனிபேர் என்பவர், வடமேற்குப் பிரதேசத்தில் பல வருசம் பொறி வைத்துப் பிழைத்தவர். பிராணியை உடனே கொல்லும்படி ஒரு பொறியை வருசக்கணக்காகத் திருத்தித் திருத்திச் செய்தார், 1950களின் கடைசியில் அது விற்பனைக்கு வந்தது. இரண்டு சதுரக் கம்பிச் சட்டம், பக்கத்தில் வில். உள்ளே நுழைகிற பிராணி நடுக் கம்பியைத் தள்ளினால் சட்டங்கள் கத்தரி மாதிரித் திரும்பிக் கழுத்தில் அடிக்கும். பீவருக்கு வைக்கிறது ஏறத்தாழப் பத்து அங்குலச் சதுரம், 330 என்று சொல்வோம். 1991இல் ஐரோப்பா கால்பொறிக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது, அப்படிப் பிடிக்கிற நாடுகளின் ரோமத்தை வாங்கமாட்டோம் என்றது. அதிலிருந்துதான் 1997இல் ஐரோப்பா, கனடா, ரஷ்யா சேர்ந்து ஓர் உடன்பாடு எழுதின. கொல்லும் பொறி என்றால் பரிசோதித்த பிராணிகளில் நூற்றுக்கு எண்பதாவது குறித்த நேரத்துக்குள் உணர்விழக்க வேண்டும், பீவருக்கு அந்த நேரம் 300 செக்கன். அது மிக அதிகம் என்று நீங்கள் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன், அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். 330 சரியாக வைத்தால் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை என்பது நான் கண்டது.

எனக்கு உடன்பாடில்லாத ஒரு முறையையும் மறைக்கக் கூடாது. ஐஸுக்கு அடியில் கம்பிச் சுருக்கு வைப்பது. சட்டப்படி அதுவும் சரிதான், மலிவு, வைப்பதும் சுலபம். ஆனால் பீவரால் பதினைந்து நிமிசம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியும். அப்படிப்பட்ட பிராணி தண்ணீருக்குள் சுருக்கில் மாட்டினால் அந்த நேரம் முழுக்க என்ன பாடுபடும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு நான் சுருக்கைத் தொடவில்லை. கட்டுரையாளர் இந்த ஒன்றை மட்டும் பிடித்து எழுதியிருந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் யாரும் எழுதவில்லை. அந்த முதியவர் ஒரு வீட்டில் இரண்டு கிடைத்தால் பொறியை எடுத்துவிடுவார், மூன்றாவதுக்கு நிற்கமாட்டார். தோலை வட்டமாக விரித்துப் பலகையில் ஆணி அடித்துக் காயவைப்பார், அது நோர்த் பே ஏலத்துக்குப் போகும். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் ரோமம் அடர்த்தியாக இருக்கும், அதனால்தான் இந்தத் தொழில் பனிக்காலத்தில். இறைச்சி கருஞ்சிவப்பாக, நல்ல கொழுப்போடு இருக்கும். அவர் வீட்டில் அதைப் புகையில் வாட்டுவார்கள், வயதானவர்களின் வீடுகளுக்கு முதல் பங்கு போகும். நான் ஒருமுறை மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டல் வைத்துக் கொடுத்தேன், அவருடைய பேத்திகள் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசனைச் சுரப்பியையும் காயவைத்து விற்பார்கள், வாசனைத் திரவியத்துக்கும் அடுத்த வருசப் பொறிக்கு மணம் பூசவும் அது வேண்டும். கடைசியில் எலும்பு. எலும்பை நாய்க்குப் போடவே கூடாது. அதைச் சேர்த்துக் கட்டித் திரும்ப ஆற்றிலேயே விடுவார். அமிஸ்க் என்பது கிரீ மொழியில் பீவரின் பெயர். 'அமிஸ்க் தன்னைத் தந்தது, மரியாதை இல்லாமல் நடத்தினால் அடுத்த முறை வராது' என்று எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். வன்னியில் மான் வத்தலும் பன்றி இறைச்சியும் தின்று வளர்ந்தவன் நான், அந்த மாதிரி ஒரு எலும்பையும் நாங்கள் யாரும் எடுத்து வைத்ததில்லை.

பீவர் அழிந்துபோகப் பார்த்தது உண்மை. அதை அழித்தது இப்படி எண்ணிப் பிடித்தவர்கள் இல்லை. ஐரோப்பாவில் பெரிய மனிதர்களின் தொப்பிக்குப் பீவரின் உள்ரோமம் வேண்டும், அதை அடித்து இறுக்கினால் மழைக்கும் குலையாத கம்பளி கிடைக்கும். ஐரோப்பாவின் பீவரை முடித்துவிட்டு இங்கே வந்தார்கள். 1670இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்ல்ஸ் ஹட்சன் குடாவுக்குள் ஓடி விழுகிற ஆறுகளின் நிலம் முழுதையும் ஒரு கம்பனிக்கு எழுதிக் கொடுத்தான், அங்கே குடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கம்பனியின் கடையில் கத்திக்கும் கேத்தலுக்கும் கம்பளிக்கும் விலை பீவர் தோலில்தான் குறித்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பனி நம் பக்கம் என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1930களில் ஜேம்ஸ் குடாவைச் சுற்றிப் பீவர் ஏறக்குறைய இல்லை, கிரீ மக்கள் பசியில் கிடந்தார்கள். அப்போது ரூபர்ட் ஹவுஸ் என்ற இடத்தில், இப்போது அதற்கு வஸ்காகனிஷ் என்று பெயர், கம்பனியின் பொறுப்பாளராக இருந்த ஜேம்ஸ் வாட்டும் மனைவி மோட் வாட்டும் கிரீ மக்களோடு சேர்ந்து ஒரு சரணாலயம் ஏற்படுத்தினார்கள். பசியோடு இருந்த அதே மக்கள் வருசக்கணக்காகப் பீவரைத் தொடாமல் விட்டு, வீடு வீடாக எண்ணிக் காவல் இருந்தார்கள். பெருகிய பிறகு எண்ணிக்கை வைத்துத் திரும்பப் பிடித்தார்கள். இன்று கனடாவில் ஆறு, குளம் எங்கும் பீவர் இருக்கிறது, டொரொன்டோவின் ரூஜ் ஆற்றிலும் ஹைலண்ட் கிரீக்கிலும் உங்கள் வாசகர்களின் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

இப்போது நான் எழுத வந்த விசயம். ஒரு வருசம் ஜூலை மாதம், ஊரின் பெயர் வேண்டாம், தெருவுக்குக் குறுக்கே போகிற ஒரு மதகைப் பீவர் அடைத்துவிட்டது. தண்ணீர் தெருவில் ஏறும் என்று பயம், அது நியாயமான பயம். ஆள் வைத்துப் பிடித்தார்கள். இங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, சொத்தைக் காப்பதற்கு என்றால் காலம் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பெரிய பீவர். வெயிற்காலத்துத் தோலுக்கு விலை இல்லை, அதனால் உரிக்கவில்லை. இறைச்சியையும் யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வடிகாலுக்குள் எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள், நாங்கள் போனபோது ஈ மொய்த்துக் கிடந்தது. ஒன்று பெண், பால் சுரந்திருந்தது. முதியவர் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து, மேலே குளத்தில் இருந்த பீவர் வீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே குட்டிகளின் சத்தம் கேட்டது. கைக்குழந்தை சிணுங்குகிற மாதிரியேதான் இருக்கும் அந்தச் சத்தம். வீட்டை உடைத்து எடுத்துக் காப்பாற்றலாம் என்றால் அந்தக் குட்டிகளை இரண்டு வருசம் வளர்க்க வேண்டும், அவை தாயோடு அவ்வளவு காலம் இருக்கிற பிராணிகள். அனுமதி கேட்டு, ஆள் தேடி அலைந்தோம். நாலாம் நாள் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த வருசமே அந்த மதகில் வேறொரு பீவர் குடும்பம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு வயதுப் பீவர்கள் வீட்டை விட்டுப் புது இடம் தேடிக் கிளம்புகின்றன, காலியாக இருக்கிற நல்ல குளம்தான் அவற்றுக்கு முதல் தெரிவு. திரும்பவும் பிடித்தார்கள். அதற்கடுத்த வருசமும். மூன்று வருசம் ஒரே மதகுக்கு ஆளுக்குக் காசு கொடுத்தார்கள், அதில் ஒரு தோல்கூட ஒருவருக்கும் உதவவில்லை.

நாலாம் வருசம்தான் ஒரு குழாய் போட்டார்கள், அதற்கும் நாங்கள் சிலர் கூட்டத்துக்குக் கூட்டம் போய் நின்று கேட்ட பிறகு. ஓடுகிற தண்ணீரின் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே அடைக்கிறதுதான் பீவரின் குணம். சுவீடனில் ஓர் ஆய்வாளர் தண்ணீர் ஓடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட, பீவர் ஒலிபெருக்கியின் மேலேயே அணை கட்டியதாம். அதனால் அணைக்கு நடுவே ஒரு நீண்ட குழாயை விட்டு, அதன் வாயைக் குளத்துக்குள் தூரத்தில், தண்ணீருக்கு அடியில், பெரிய கம்பிக்கூட்டுக்குள் வைப்பார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று பீவருக்குத் தெரியாது. குழாய் வைத்த உயரத்துக்கு மேலே மட்டம் ஏறாது. தெருவும் தப்பியது, குளமும் இருக்கிறது. கோடையில் சுற்றியுள்ள காணி எல்லாம் காய்ந்து கிடக்கும்போது அந்தக் குளத்தைச் சுற்றி மட்டும் பச்சையாக இருப்பதை நான் ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். வாத்து வருகிறது, மூஸ் என்கிற பெரிய மான் வருகிறது, நீர்நாய்கூட வருகிறது. அசல் நீர்நாய்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இரண்டு விசயம். பனிக்காலப் பொறியைத் தடை செய்யச் சொல்லி எழுதும்போது, அந்தத் தடை யாருடைய சாப்பாட்டில், யாருடைய உரிமையில் கை வைக்கிறது என்று ஒரு கிரீ குடும்பத்திடமாவது கேட்டுவிட்டு எழுதுங்கள். நாங்களும் நிலத்தை இழந்து வந்தவர்கள்தானே, ஒரு பழைய பிழைப்பைத் தூரத்திலிருந்து ஒரு கையெழுத்தால் நிறுத்துவது என்ன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். மற்றது, மார்க்கம் நகரத்திலும் ஸ்காபரோவிலும் ஓடைக்கரையில் வீடு வைத்திருக்கிற உங்கள் வாசகர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்: பீவர் மரத்தை வெட்டுகிறது என்று யாரையாவது கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லாதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீற்றர் உயரத்துக்குத் தடித்த கம்பி வலையைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் போதும், அரை நாள் வேலை. மதகு அடைபட்டால் நகரசபைக்கு எழுதி, குழாய் போடச் சொல்லிக் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள், முதல் முறையிலேயே செய்யமாட்டார்கள்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் விரும்பினால் பெப்ரவரியில் இங்கே வரட்டும். முழங்கால் வரை வருகிற நல்ல சப்பாத்து வேண்டும், மிச்சம் எங்களிடம் இருக்கிறது. ஆற்றையும் காட்டுகிறேன், அந்த மதகையும் காட்டுகிறேன். குழாய் போட்ட பிறகு குளத்தில் எடுத்த படம் இரண்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். போடுவதாக இருந்தால் கீழே பீவர் என்றே போடுங்கள்.

அன்புடன்,
வடக்கு ஒன்ராறியோவிலிருந்து ஒரு வாசகர்